பிரெடரிக் ஓசானாம்

தருமம் செய்யும் ஸ்தாபனங்களுக்கு உலகில் குறைவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு ஏழையின் முகத்தைப் பாராமலே திரும்புவோர்தாம் அவற்றில் அதிகம். வாரந்தோறும் ஏழையின் வீட்டுக்கே சென்று, அவனோடு உட்கார்ந்து பேசி, அவன் குடும்பத்தின் குறைகளை நேரில் அறிந்துவருவதையே முதற்கடமையாகக் கொண்ட ஒரு சபையையும், அதற்கு வித்திட்ட பிரெஞ்சு வாலிபர் ஒருவரையும் குறித்து இன்று எழுத விரும்புகிறோம். நம் ஊர்களில் கத்தோலிக்கக் கோயில்களை அடுத்து வாழ்வோருக்கு வின்சென்ட் தே பவுல் சபை என்னும் பெயர் புதியதன்று. அப்பெயர் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு குருவினுடையது. ஆனால் சபையை ஏற்படுத்தினவர் எவரும் குருமார் அல்லர். மாணாக்கர் அறுவரும் பாயி என்ற பத்திரிகாசிரியர் ஒருவருமேயாவர். அம்மாணாக்கருள் முதன்மையாகப் பேசப்படுபவர் பிரெடரிக் ஓசானாம்.

இவர் 1813-ஆம் வருஷம் ஏப்ரல் 23-ஆம் தேதி, அப்போது நெப்போலியன் ஆட்சியில் இருந்த மிலான் நகரில் பிறந்து, லியோன் நகரில் வளர்ந்தார். தந்தை வைத்தியர். ஏழை நோயாளியொருவரைப் பார்க்கச் சென்ற இடத்தில் படிக்கட்டிலிருந்து விழுந்து 1837-இல் அவர் உயிர் நீத்தார் என்பதை அறிந்தால், மகனுடைய சுபாவம் எங்கிருந்து வந்ததென்று நாம் தேட வேண்டியதில்லை. லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். கூலிக் குறைவு பொறாமல் அங்குள்ள நெசவாளர் 1831-இல் கிளர்ந்தெழுந்தனர். அவ்வருஷ முடிவில்தான் ஓசானாம் சட்டம் பயிலப் பாரிஸ் சேர்ந்தார். அங்கே அவருக்கு இடம் கொடுத்தவர் ஆம்பியர் என்னும் விஞ்ஞானி. மின்னோட்டத்தை அளக்கும் அளவைக்கு இன்று வழங்கும் பெயர் அவருடையதே.

மறுவருஷம் பாரிஸில் வாந்திபேதி பரவி 18,000 பேருக்கு மேல் மாண்டனர். அக்காலத்தில் மாணாக்கர் கூடி வாதிக்கும் சங்கமொன்றில் ஓசானாம் தம் மதத்தின் பெருமையைப் பேசுவது வழக்கம். எதிர்க்கட்சி வாலிபன் ஒருவன், பழம்பெருமை கிடக்கட்டும், நீங்கள் இன்று ஏழைகளுக்குச் செய்வது என்ன என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பழம்பெருமை பேசும் எந்தக் கூட்டத்தையும், நம்மையும் சேர்த்தே, அக்கேள்வி கேட்கலாம். ஓசானாம் பதில் பேசி ஜெயிக்க முயலவில்லை. 1833 ஏப்ரல் 23-ஆம் தேதி, தமது இருபதாம் பிறந்த நாளில், பாயியின் பத்திரிகைக் காரியாலயத்தில் நண்பர்களுடன் கூடி வேலையை ஆரம்பித்தார்.

வேலை இன்னதென்று கற்பித்தவர் ரோசலி ரெண்டு என்ற கன்னிகாஸ்திரீ. மூப்தார் என்னும் ஏழைகள் பகுதியில் ஆண்டாண்டுகளாக உழைத்த அவ்வம்மையார், எந்தச் சந்தில் எந்தக் குடும்பம் பட்டினி கிடக்கிறதென்று அறிவார். ரொட்டிக்கும் விறகுக்கும் உரிய சீட்டுகளையும் குடும்பங்களின் ஜாபிதாவையும் அவரே கொடுத்தார். மாணாக்கர் இருவர் இருவராகச் சென்றனர். வாரம் ஒருமுறை கூடி, தாம் கண்டதைச் சொல்லி, யாருக்கு என்ன தேவையென்று ஆலோசிப்பர்; முடிவில் ஒரு பை சுற்றிவரும்; ஒருவன் இட்டது எவ்வளவென்று மற்றவனுக்குத் தெரியாது. நன்கொடையாளர் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிடுவதையே தருமத்தின் பாதியாகக் கருதும் நம்மவர்க்கு இவ்வேற்பாடு விசித்திரமாகத் தோன்றலாம். 1835-இல் சபைக்கு விதிகள் எழுதப்பட்டன. பாரிஸில் மட்டும் 2,000 அங்கத்தினர் 5,000 குடும்பங்களைப் பார்த்துவருவதாக 1853 ஜனவரியில் புளோரன்ஸ் நகரில் ஓசானாமே கணக்குக் கூறினார்.

இதற்கிடையில் அவர் பெரும் பண்டிதருமாயினார். தாந்தே மகாகவியைப் பற்றி ஆராய்ந்து 1839-இல் பட்டம் பெற்றார். 1844-இல் சோர்போன் கலாசாலையில் நிரந்தர ஆசிரியரானார். ஒரு புத்தாண்டு நாளில், தாம் அறிந்த ஏழைக் குடும்பமொன்று தன் பழைய பீரோவை அடகு வைத்துவிட்டதைக் கேள்வியுற்றார். அதை மீட்டுக் கொடுக்க வேண்டாமென்று மனைவி முதலில் தடுத்தார். இவரும் இணங்கினார், ஆனால் அன்று தம் குழந்தைக்கு வந்து குவிந்த விளையாட்டுச் சாமான்களைப் பார்க்கப் பார்க்க மனம் பொறாமல், மாலையில் போய் மீட்டுக் கொடுத்த பிறகே அவர் முகம் தெளிந்ததாம்.

ரொட்டிச் சீட்டால் வறுமை தீராதென்பது நமது அபிப்பிராயம். ஓசானாமும் அதை அறியாதவரல்லர். லியோனில் வியாபாரச் சட்டம் போதித்த காலத்திலேயே, தொழிலாளியின் கூலி அவன் பிழைப்புக்கும், பிள்ளைகளின் கல்விக்கும், முதுமைக்கும் போதியதாயிருக்க வேண்டுமென்று வாதித்தார். 1848-இல் குடியரசு ஏற்பட்டதும் அதை வரவேற்று, லகோர்தேர் என்ற துறவியுடன் சேர்ந்து ஒரு தினசரி நடத்தினார். தேர்தலில் நின்று தோற்றார். அவ்வருஷம் ஜூன் மாதம், வேலையற்றோருக்கென வைத்த தொழிற்சாலைகளைச் சர்க்கார் மூடத் துணிந்தபோது, பாரிஸ் தொழிலாளர் தெருக்களை அடைத்துப் போர் தொடுத்தனர். ஓசானாம் நின்றது தேசியக் காவற்படையில். அதாவது, தாம் சீட்டுக் கொண்டுபோன குடும்பங்களுக்கு எதிர்ப்புறத்தில். இதை நாம் மறைக்கப் போவதில்லை, புகழவும் இயலவில்லை. ஆயினும் அவர் சும்மாயிருக்கவில்லை. நண்பர் இருவருடன் ஆபிர் என்ற அத்தியட்சரிடம் சென்று, சமாதானம் பேச வேண்டினார். அத்தியட்சர் இசைந்து, சேனாபதியைக் கண்டு, இவர்களை உடன் வரவேண்டாமெனத் தடுத்து, ஜூன் 25-இல் போர்முனை சென்றார். அங்கே குண்டுபட்டு, 27-இல் மாண்டார். தாம் தூண்டியதால் நேர்ந்த சாவு என்ற எண்ணம் ஓசானாமை வருத்தியதில் வியப்பில்லை. கலகம் அடங்கியபின், செல்வர் பழிவாங்கக் கூவிய நாட்களில், தோற்றவர் வாழும் வீடுகளின் அவலத்தைத் தம் பத்திரிகையில் எழுதினார். சபையார் அதே தெருக்களில் உதவி பங்கிட்டனர். சொந்த மதத்துச் செல்வர் பலர் அவர்மீது சினங்கொண்டனர்.

தேகம் தளர்ந்து, 1853 செப்டம்பர் 8-ஆம் தேதி மார்செய் துறைமுகத்தில் இறந்தார், வயது நாற்பதே. 1997-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

அவர் இறந்து எட்டு வருஷங்களுக்குப்பின் சபைக்கு வந்த சோதனையையும் கூறவேண்டும். மூன்றாம் நெப்போலியனுடைய மந்திரி பெர்சிஞி, எங்கும் கிளை பரப்பிய இச்சபையைக் கண்டு அஞ்சி, அதன் தலைவரைச் சர்க்காரே நியமிக்க வேண்டுமென்று 1861-இல் நிர்ப்பந்தித்தார். சர்க்கார் தலைவரை ஏற்பதைவிடத் தலைவரின்றி இருப்பதே மேலென்று கிளைகள் தீர்மானித்தன. மத்திய சபை கலைக்கப்பட்டது. கிளைகள் முன்போலவே வாரந்தோறும் கூடி, பையைச் சுற்றவிட்டு, இருவர் இருவராக ஏழைகளின் வீடுகளுக்குப் புறப்பட்டன.