உறைக்கிணற்றின் மேல் ஓர் ஆலயம்: தாமஸ் டி ஹாவிலாண்ட்

ஊரூர் ஒல்காட் குப்பத்தின் மணலில் அடித்தளம் தோண்டியவர் எவரும் அறிவர்: உலர்ந்த மணல் சுமையைத் தாங்கும், நீரேறிய மணலை நம்பவியலாது. அடையாற்று முகத்துவாரத்தருகே வாழும் நம் இளைஞருள் பொறியியல் பயில்வோர் டி ஹாவிலாண்டின் வரலாற்றை அறிதல் நன்று.

அவர் 1775ஆம் ஆண்டு கெர்ன்சித் தீவிற் பிறந்தார். சென்னைப் பொறியாளர் படையிற் சேர்ந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தம் தோட்டத்திலேயே நூறடிக்கு மேல் அகன்ற செங்கல் வளைவொன்றைக் கட்டிக் காட்டினார். காவிரிக்கு அத்தகைய பாலம் இயலும் என மெய்ப்பிக்கவே அம்முயற்சி. அது நூறாண்டுக்கு மேல் நின்றது. 1809ஆம் ஆண்டின் படை அலுவலர் கலகத்தை ஒட்டிப் பணியிழந்த அவர், 1812இல் மீண்டும் பணியேற்றார்.

எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஆலயத்திற்கு 1818இல் கால்கோள் நடந்தது. கனத்த கவிகைமாடமும் உயர்ந்த கோபுரமும் திட்டம். நிலமோ தளர்ந்த ஈரமண். மேலோட்டமான அடித்தளம் போதாதெனக் கண்ட அவர், இந்நாட்டுக் கிணறுவெட்டிகளின் முறையையே கைக்கொண்டார். சுட்ட மண் உறையையோ செங்கல் வளையத்தையோ நிலத்தில் நிறுத்தி, உள்ளே மண்ணை அகழ்ந்தால், அது தன் பாரத்தாலேயே கீழிறங்கும். அவ்வாறு இறக்கிய கிணறுகள் பலவற்றின்மீது ஆலயம் எழுந்து, 1821இல் திறக்கப்பட்டது. வரைபடம் அவருடையது, நீருக்குள் மூழ்கி மண்ணள்ளும் கைத்திறன் உழைக்கும் மக்களுடையது. கீழடி அகழ்வில் வெளிப்பட்ட உறைக்கிணறுகள் அத்திறனின் தொன்மைக்குச் சான்று. அதனைக் கூலிவேலை என்று மட்டும் எண்ணுவது பிழை.

இவ்வனுபவ அறிவுக்குக் கணக்கு பின்னரே வந்தது. 1943இல் கார்ல் டெர்சாகி வெளியிட்ட சமன்பாட்டின்படி, அடித்தளம் ஆழமாகவும் அகலமாகவும் இருக்குமளவு மணலின் தாங்குதிறன் மிகும். பாரம் மிகுந்தால் அடியிலுள்ள மணல் பக்கவாட்டில் பிதுங்கி மேலெழும். சுற்றிலும் உள்ள மணலின் எடையே அதனை அடக்குகிறது. நிலத்தடி நீர் அடித்தள மட்டம்வரை ஏறினால், அகலத்தால் வரும் வலிமை ஏறத்தாழப் பாதியாகும்; நீர் தரைமட்டத்தை எட்டினால் ஆழத்தால் வரும் வலிமையும் அவ்வாறே குறையும். ஆகவே கோடையில் மண்ணைச் சோதித்துவிட்டு ஐப்பசி மழையை மறத்தல் ஆகாது. அகன்ற அடித்தளமோ, உடையாவிடினும் அமிழ்ந்து சுவரைப் பிளக்கக் கூடும். அதனைத் தனியே கணித்தல் வேண்டும்.

சென்னையின் கடலோர அரணையும் கட்டிய டி ஹாவிலாண்ட், 1825இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பி, 1866இல் தொண்ணூறு வயதில் மறைந்தார். ஆலயம் இருநூறாண்டைக் கடந்தும் வழிபாட்டில் உள்ளது.