அழுத்தத்தில் பிறந்த கனல்

மாணவரைச் சுமந்து செல்லும் பள்ளிப் பேருந்துகள் பலவற்றின் எரிபொருள் ஒரு மனிதரின் பெயரைத் தாங்கியுள்ளது. அவரே ருடால்ஃப் டீசல்.

1858ஆம் ஆண்டு, பாரிஸில் வாழ்ந்த ஜெர்மானியப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். 1870இல் மூண்ட போரால் அக்குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவனான டீசல் மட்டும் ஜெர்மனியிலிருந்த உறவினர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். பின்னர் மியூனிக் நகரில் பொறியியல் கற்றுத் தேர்ந்தார்.

அந்நாளைய நீராவி இயந்திரங்கள் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வீணாக்கின. அவ்விழப்பைத் தடுக்க டீசல் வழி தேடினார். உருளைக்குள் காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கடுமையாகச் சூடேறும். அதில் செலுத்தப்படும் எண்ணெய் தீப்பொறியின்றியே பற்றி எரியும். இதனை மெய்ப்பிக்க 1893இல் நிகழ்த்திய சோதனையில் கருவி வெடித்தது. அவர் உயிர் தப்பினார். ஆயினும் தளரவில்லை. 1897இல் அவர் உருவாக்கிய இயந்திரம், எரிபொருள் ஆற்றலில் கால் பங்கைப் பயனுள்ள வேலையாக மாற்றிக் காட்டியது.

1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் இயங்கியது. தாவர எண்ணெய்கள் ஒருநாள் சிறந்த எரிபொருளாகும் என்று பின்னாளில் அவர் நம்பினார்.

அவரது கண்டுபிடிப்பு உலகெங்கும் பரவியது. அவரோ கடனில் ஆழ்ந்தார். 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து காணாமற்போனார். சில நாள்களுக்குப்பின் அவரது உடல் கடலில் காணப்பட்டது.

அவர் காலத்தில் ஆலைகளிலும் கப்பல்களிலும் இயங்கிய அப்பேரியந்திரம், அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின்னரே சாலை ஊர்திகளுக்கு ஏற்ற வடிவம் பெற்றது. தம் பெயர் தாங்கிய பேருந்து ஒன்றையும் காணாது மறைந்தார் டீசல். புகை குறைந்த எரிபொருளுக்காகத் தாவர எண்ணெயை நாடும் இன்றைய உலகம், அவரது பழைய நம்பிக்கையையே மீண்டும் கையிலெடுத்துள்ளது.