முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்த கணக்கு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தேவதாசி முறை ஒழிப்புக்காகவும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்காகவும் நினைவுகூர்கிறோம். பள்ளி செல்லும் சிறுமியரின் உடல்நலத்துக்காக அவர் எழுப்பிய குரல் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பொருளாதாரத்தைப் பல்லாண்டு கற்பித்த எனக்கு, இன்னும் தீர்க்கப்படாத கணக்காகத் தெரிவது அதுவே.

1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பருவமெய்தியதும், அக்கால வழக்கப்படி முத்துலட்சுமியின் பள்ளிப் படிப்பு நின்றது. உடலின் இயல்பான வளர்ச்சியே கல்விக்குத் தடையாக்கப்பட்ட காலம் அது. தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் இடமளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார்.

ஒரு தந்தையின் உறுதியும் ஒரு மன்னரின் பெருந்தன்மையும் அவருக்கு வாய்த்தன. அவ்விரண்டும் வாய்க்காத பெண்களின் நிலை என்ன? அவரது பொதுவாழ்வு முழுவதையும் இக்கேள்விக்கான விடையாகவே நான் காண்கிறேன். தமக்கு நற்பேறாகக் கிடைத்ததைப் பிற சிறுமியர்க்கு உரிமையாக்க அவர் முயன்றார்.

1926-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட அவர், மறு ஆண்டே அதன் துணைத் தலைவரானார். நகராட்சிகளும் பிற உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் கல்வி நிலையங்களில் மாணவியர்க்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று வலியுறுத்தினார். பெண்ணின் திருமண வயதை 16 ஆக உயர்த்தவேண்டும் என்ற தீர்மானத்தையும் கொண்டுவந்தார். 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம்கூட 14 என்ற அளவிலேயே நின்றது. முதிராத உடலில் சுமத்தப்படும் தாய்மை எத்தகைய கேடு என்பதைப் பிரசவ அறையில் கண்டறிந்த மருத்துவரின் கோரிக்கை அது.

அதே காலத்தில், கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார். பள்ளியில் சேரும் குழந்தைகள் தொடக்கக் கல்வியை முடிக்காமலே வெளியேறுவதை அக்குழு விரயம் என்று குறிப்பிட்டது. கல்வி விரிவாக்கத்தில் பெண் கல்விக்கு முன்னுரிமை கோரியது. விரயம் என்பது பொருளாதாரச் சொல்தான். ஆயினும் நோயாலும் இளமைத் திருமணத்தாலும் ஒரு சிறுமி இடைநிற்கும்போது வீணாவது அரசு செலவிட்ட பணம் மட்டுமன்று.

காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் சட்டசபைப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டே, தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்து வேறு புகலிடமற்று நின்ற சிறுமியருக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். உணவு, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகிய நான்கையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தார். 1968-இல் அவர் மறைந்தபின்னும் அந்த இல்லம் தொடர்கிறது.

இன்று பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை உண்டு. இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. தமிழகத்தில் வளரிளம் பெண்களுக்கு விலையில்லா சானிட்டரி நாப்கினும் வழங்கப்படுகிறது. ஆனால், 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 54.1 விழுக்காட்டினருக்கு இருந்த ரத்தசோகை, 2019-21 ஆய்வில் 59.1 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. மாத்திரை வழங்கியதற்குப் பதிவேடு இருக்கிறது; அதை உட்கொண்ட சிறுமியின் ரத்தத்தில் மாற்றம் நேர்ந்ததா என்று ஆண்டுதோறும் பார்க்கும் ஏற்பாடு ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும். பரிசோதனையில் குறை கண்டால் சிகிச்சை முடியும்வரை தொடரும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கவேண்டும். செலவுக் கணக்கோடு இந்தக் கணக்கையும் சட்டமன்றத்தில் வைப்பது, முத்துலட்சுமி அங்கே தொடங்கிய பணியின் இயல்பான தொடர்ச்சியாக அமையும்.