லூச்சா ரேயஸ் அம்மையார்

மெக்ஸிகோ தேசத்துக் குவாடலஹாரா நகரில் 1906ஆம் ஆண்டு பிறந்த லூச்சா ரேயஸ் அம்மையார், இளம்பருவத்திலேயே தலைநகரின் கூடாரக் கொட்டகைகளிற் பாடத் தொடங்கினார். மேல் ஸ்தாயியில் எளிதிற் சஞ்சரிக்கும் இனிய சாரீரம் அவருக்கு வாய்த்திருந்தது. 1920களின் பிற்பகுதியில் ஒரு குழுவினருடன் ஜெர்மனி சென்றவிடத்து நோயுற்று அதனை இழந்தார். பாடகிக்கு இதனினும் பெரிய இழப்பு யாதுளது? நெடுநாட் கழித்து மீண்ட குரலோ தாழ்ந்து கரகரத்திருந்தது. அதனை அவர் மறைத்தாரல்லர். விம்மியும் அதட்டியும் அக்குரலையே முழு வன்மையோடு எழுப்பினார். வயலினும் கித்தாரும் முழங்கும் மரியாச்சிக் குழுக்கள் அந்நாளில் ஆடவர்க்கே உரியனபோல் இருந்தன. அவற்றின் முன்னின்று இவர் பாடிய முறையே பின்வந்த ராஞ்சேராப் பாடகியர்க்கு வழியாயிற்று. பழைய குரல் நிலைத்திருப்பின் அவரை இன்று நினைப்பார் சிலரே என நாம் கருதுகிறோம். ஆயினும் மதுவும் மனத்துயரும் அவரை விட்டில. 1944ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், தமது 38ஆம் வயதில், மெக்ஸிகோ நகரில் மறைந்தார்.