நூல் போட்ட எட்டு

லேப்ல சிஆர்ஓவை எக்ஸ்-ஒய் மோடில் போட்டு, ரெண்டு சிக்னல் கொடுத்துப் பார்த்திருப்பீங்க. அதிர்வெண் சமமா இருந்தா நீள்வட்டம். ஒன்றுக்கு இரண்டு என்றால் எட்டு, லைசென்ஸுக்கு பைக்கில் போடுவோமே, அதே எட்டு. ரெக்கார்டில் வரைந்து கையெழுத்து வாங்கியதோடு மறந்தும் போயிருப்பீங்க.

லிசாஜூ என்ற பிரெஞ்சுக்காரர் 1850-களில் இசைக்கவையில் சின்னக் கண்ணாடி ஒட்டி, ஒளியை அடித்து இந்த வளைவுகளைப் பார்த்தார். அரை நூற்றாண்டு கழித்து கல்கத்தாவில் ஒருத்தர் இசைக்கவையில் நூலைக் கட்டி, அதன் அதிர்வுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பகலில் அவர் அரசாங்கக் கணக்கு அதிகாரி. பெயர் சி.வி.ராமன்.

1888-ல் திருச்சியில் பிறந்தவர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படிக்கும்போதே, 1906-ல், முதல் கட்டுரை லண்டனில் அச்சானது. ஆனா இந்தியருக்கு ஆராய்ச்சி வேலை ஏது? நிதித்துறைப் பரீட்சை எழுதி 1907-ல் கல்கத்தா போனார். பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய அறிவியல் சங்கம் ஆளில்லாமல் கிடந்தது. ஆபீசுக்கு முன்னாடி அங்கே, ஆபீஸ் முடிந்ததும் மறுபடி அங்கேதான். இடையில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வேறு.

அந்தச் சோதனைக்கு மெல்டே சோதனை என்று பெயர். கவை நூலுக்குக் குறுக்கே ஆடினால், நூலும் அதே வேகத்தில் ஆடும். நூலின் போக்கிலேயே இழுத்து விட்டால், பாதி வேகத்தில்தான் ஆடும். ஊஞ்சலில் நின்னுக்கிட்டு, ஒரு முழு ஆட்டத்துக்கு ரெண்டு தடவை உட்கார்ந்து எழுவோம் இல்லையா? அதே கணக்கு. கவையைச் சாய்த்து வைத்தால் ரெண்டும் சேர்ந்து வரும். ஒரு தளத்தில் முழு வேகம், அதற்குச் செங்குத்தான தளத்தில் பாதி. நூலின் ஒவ்வொரு புள்ளியும் எட்டு போடும், சில சமயம் பரவளையம்.

எனக்கு 1930 நோபலை விட இந்தப் பத்து வருஷம்தான் பெரிசாத் தெரியுது. நம்மில் பாதி பேர் ஜூனில் ஆஃபர் லெட்டரோட விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி சென்னைக்குக் கிளம்பப் போறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நமக்கு என்ன மிச்சம் இருக்கும்?

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்தது. சம்பளம் குறைவு. ராமன் அரசாங்க வேலையை விட்டார். அதிர்வை விடவில்லை, 1920-ல் மிருதங்கத்தைப் பற்றி எழுதினார். வலந்தலையின் அந்தக் கறுப்புப் பூச்சுதான் தோலின் மேல்சுரங்களை ஒழுங்கான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார். ஒளிச்சிதறல் வந்தது அதற்கு 8 வருஷம் கழித்து, அதே பௌபஜார் தெருவில்.