வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்தியவர்

குழந்தைகளே, தூத்துக்குடியில் விடியும் முன்னே கடலுக்குச் செல்லும் மீனவர்களுக்கு விடிவெள்ளி பழகிய துணை. அது விண்மீன் அல்ல, வெள்ளி என்னும் கோள்! இத்தகைய உண்மைகளை மக்களுக்கு எடுத்துச் சொன்னவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

இளம் வயதிலேயே சென்னை வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1867ல், ஒளி கூடியும் குறைந்தும் மாறும் 'ஆர் ரெட்டிகுலி' என்ற விண்மீனைக் கண்டுபிடித்தார்.

அந்நாளில் பஞ்சாங்கங்கள் பழைய வாய்பாடுகளைக் கொண்டே கணிக்கப்பட்டன. வானில் கோள்கள் இருந்த இடமோ அக்கணக்கோடு ஒத்துப்போகவில்லை. முன்னோர் கணக்கைத் திருத்தலாமா என்று பலர் தயங்கினர். அவர் தயங்கவில்லை. கண்ணால் காண்பதோடு பொருந்தும் 'திருக்கணித' பஞ்சாங்கத்தை வெளியிட்டார்.

1874 டிசம்பர் 9ல் சூரியனுக்கு முன்னே வெள்ளி சிறு கரும்புள்ளியாகக் கடந்து சென்றது. அது ஏன் நிகழ்கிறது, அதைக்கொண்டு சூரியனின் தொலைவை எப்படி அளக்கலாம் என்று விளக்கி, முன்கூட்டியே சிறுநூல் எழுதினார். கன்னடம், உருது மொழிகளிலும் அது வெளிவந்தது. 1880ல் அவர் மறைந்தார்.

இன்றும் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் உள்ளன. உங்கள் வீட்டில் இருப்பது எது? இன்றே எடுத்துப் பாருங்கள். வானத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், அவரைப் போலச் சரிபார்த்த பிறகே நம்புங்கள்!