செய்தியா, விலையா... லிவர்மோர் எதை நம்பினார்?

காலையில எழுந்ததும் மொபைல்ல முதல்ல எதைப் பார்ப்பீங்க? ஷேர் வாங்கி விற்பவர் என்றால் ஒண்ணு பிசினஸ் நியூஸ், இல்லேன்னா சார்ட். இதில் எது பெரிசு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டு பக்கமும் நின்று, இரண்டிலும் அள்ளி, இரண்டிலும் அடிவாங்கிய ஒருவரைப் பற்றித் தெரிஞ்சுக்கலாமா? அவர் ஜெஸ்ஸி லிவர்மோர்.

1877-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். படிச்சது போதும், வயலுக்கு வா என்றார் அப்பா. பையனோ 14 வயசில் பாஸ்டனுக்குக் கிளம்பிவிட்டார். புரோக்கர் ஆபீஸில் கரும்பலகையில் பங்கு விலைகளை எழுதிப்போடும் வேலை. நாள் முழுக்க எண்களையே எழுதியதில், விலை ஏறுவதற்கு முன்பு எப்படி நகர்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டது. சின்ன நோட்டில் குறித்து வைத்தார். அந்தக் கம்பெனிகள் என்ன தயாரிக்கின்றன என்று அவர் கவலைப்படவே இல்லை.

அப்போது பக்கெட் ஷாப் என்ற கடைகள் இருந்தன. பங்கு கைமாறாது, விலை ஏறுமா, இறங்குமா என்று பந்தயம் கட்டலாம். லிவர்மோர் ஜெயித்துக்கொண்டே போக, கடைக்காரர்கள் அவரை உள்ளே விட மறுத்தார்கள். நியூயார்க் போனார். அங்கேதான் வினையே. பக்கெட் ஷாப்பில் டேப்பில் வந்த விலையே கணக்கு. நிஜ சந்தையில் ஆர்டர் போய்ச் சேருவதற்குள் விலை மாறிவிடும். கையில் இருந்ததெல்லாம் கரைந்தது.

இந்த அடிக்குப் பிறகுதான் அவர் டேப்பைத் தாண்டி யோசித்தார். சார்ட் ஆட்களின் குலதெய்வமாக இவரைக் கும்பிடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை! 1907-ல் வங்கிகளில் பணம் வறண்டு கிடப்பதைக் கவனித்தார். விலை இறங்கும் என்று விற்றுவைத்தார். அக்டோபரில் சந்தை சரிந்தபோது ஒரே நாளில் 10 லட்சம் டாலர் சம்பாதித்தார் என்பார்கள். அதாவது, ஃபண்டமென்டல் திசையைச் சொன்னது. விலை நேரத்தைச் சொன்னது.

இவ்வளவு தெரிந்தவர் அடுத்த வருஷமே பருத்தியில் சிக்கினார். அந்தத் தொழிலில் கரைகண்ட ஒருவர் விளைச்சல், தேவை என்று புள்ளிவிவரத்தோடு பேசப் பேச, லிவர்மோர் மயங்கிவிட்டார். விலை இறங்கிக்கொண்டே இருந்தது. தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, காதால் கேட்டதை நம்பி வாங்கிக்கொண்டே போனார். லாபத்தில் இருந்த கோதுமையை விற்றார். நஷ்டத்தில் இருந்த பருத்தியைப் பிடித்துக்கொண்டார். நம்மில் எத்தனை பேர் இதையே செய்கிறோம், சொல்லுங்க! பல லட்சம் டாலர் போயிற்று. 1915-ல் திவாலானார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு புரோக்கர் 500 பங்குகள் வாங்கும் அளவுக்கு மட்டும் கடன் வசதி கொடுத்தார். தப்பினால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. ஐரோப்பாவில் முதல் உலகப்போர். பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனிக்கு ஆயுத ஆர்டர்கள் குவிகின்றன. பங்கு ஏறும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அவர் வாங்கவில்லை. வாரக்கணக்கில் டேப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். 100 டாலரைத் தாண்டும் பங்கு வேகமெடுக்கும் என்பது அவர் அனுபவம். 98-க்கு வந்தபோது வாங்கினார். விலை 145 வரை ஓடியது. கடன்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

1929 பெருஞ்சரிவில் ஊரே அழுதபோது, அவர் சுமார் 10 கோடி டாலர் சம்பாதித்ததாகச் சொல்லப்படுகிறது. ஐந்தே வருஷத்தில், 1934-ல், மறுபடி திவால். 1940-ல் தன் முறைகளை விளக்கி ஒரு புத்தகம் எழுதினார். அப்போது அது அவ்வளவாக விற்கவில்லை. மனச்சோர்வில் இருந்தவர், அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 63. அந்தப் புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது.